மோக்ஸா: மூலிகையை எரித்துச் சூடு கொடுக்கும் சீன வைத்தியம்

சீன வைத்தியம் என்றாலே நமக்கு ஊசிதான் ஞாபகம் வரும். அக்குபங்சர் போர்டு இப்போது சின்ன ஊர்களில்கூடத் தொங்குகிறது, அதனால் ஊசி பழகிவிட்டது. அந்த ஊசியோடு கூடப் பிறந்த வைத்தியம் ஒன்று இருக்கிறது. காய்ந்த மூலிகைப் பஞ்சைச் சின்னக் கூம்பாகவோ சுருட்டாகவோ உருட்டி, பற்றவைத்து, அந்தக் கனலின் சூட்டை உடம்பில் குறிப்பிட்ட ஒரு புள்ளிக்குக் கொடுப்பது. இங்கே அக்குபங்சர் செய்பவர்கள் இதை மோக்ஸா என்பார்கள், சீனாவில் ஜியூ. அங்கே ஊசியும் இதுவும் ஒரே படிப்பு, ஆஸ்பத்திரியிலும் ஒரே பிரிவு. 2010-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் இரண்டையும் ஒன்றாகத்தான் சேர்த்தது.

முதுகிலிருந்தும் முழங்காலிலிருந்தும் புகை கிளம்புகிற படத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ தோலைச் சுடுகிறார்கள் என்று பயப்படுபவர்கள் உண்டு. இன்று நடப்பதில் பெரும்பாலான முறைகளில் நெருப்பு தோலைத் தொடுவதே இல்லை. வீட்டில் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்போமே, அந்த இதம்தான் இதிலும் கிடைக்கிறது. ஒற்றடம் ஒரு பரப்பு முழுக்கப் போகும், தொட்டுத் தொட்டு எடுப்போம், சீக்கிரம் ஆறியும் போகும். மோக்ஸா ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், பத்து பதினைந்து நிமிடம், கூடாமல் குறையாமல் ஒரே அளவில் சூட்டை நிறுத்துகிறது. சூட்டை அப்படி அளவோடு நிறுத்துவதுதான் இதில் உள்ள கைத்திறன் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் அந்த இலையும், அந்தத் தயாரிப்பும், இத்தனை விதமான முறைகளும்.

இலையிலிருந்து ஆரம்பிக்கலாம். சீனர்கள் இதை ஆய் என்கிறார்கள், தாவரவியலில் ஆர்ட்டிமீசியா ஆர்கியி. நம் பூக்கடை மரிக்கொழுந்தும் ஆர்ட்டிமீசியா இனம்தான், மலைப்பக்கம் வளரும் மாசிபத்திரியும் அதே இனம், அதனால் இலையைக் கசக்கினால் வரும் அந்தக் காரமான வாசம் நமக்கு ரொம்ப அந்நியமாக இருக்காது. ஜப்பானில் இதே வேலைக்கு யோமொகி என்ற இன்னொரு ஆர்ட்டிமீசியாவைப் பயன்படுத்துகிறார்கள். சீனாவில் ஹூபே மாகாணத்தின் சீச்சுன் பகுதியில் விளையும் ஆய்க்குத்தான் பெரிய பெயர். மூலிகைகளைப் பற்றி மாபெரும் நூலைத் தொகுத்த லி ஷிஜென் (1518-1593) பிறந்த ஊரும் அதுதான். சந்திர நாள்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் டிராகன் படகுத் திருவிழாவை ஒட்டி இலையை அறுவடை செய்வது வழக்கம். அந்த நாளில் சீன வீடுகளின் வாசலில் இதே செடியைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவதையும் பார்க்கலாம், நோயும் தீயதும் உள்ளே வராமல் இருக்க.

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். நுண்ணிய பூனைமுடி போன்ற இழைகள் அங்கே அடர்த்தியாகப் படர்ந்திருப்பதுதான் காரணம், இந்த வைத்தியத்துக்கு வேண்டியதும் அந்த இழைகள்தான். இலையை நன்றாகக் காயவைத்து இடிப்பார்கள், சலிப்பார்கள், மறுபடி இடிப்பார்கள். பச்சை சதைப்பகுதியும் நரம்பும் காம்பும் தூளாகி சல்லடைக்குக் கீழே போய்விடும், இழைகள் மட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே பஞ்சாக நிற்கும். மூன்று கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ பஞ்சு எடுத்தால் அது முரட்டு ரகம், பெட்டியில் 3:1 என்று போட்டிருப்பார்கள். 10:1, 30:1 என்று போகப் போகப் பஞ்சு மிருதுவாகவும் வெளிர் மஞ்சளாகவும் மாறும், விலையும் ஏறும். இந்த எண் பெரிதாக இருந்தாலே நல்லது என்று அர்த்தமில்லை. தோலின் மேலேயே வைத்து எரிக்க மிருதுவான ரகம்தான் வேண்டும், தூரத்தில் பிடிக்கும் சுருட்டுக்கு முரட்டு ரகமே போதும், அதில் சூடும் அதிகம். பெட்டியில் போட்ட எண்ணை நம்பி வாங்குவதைவிடக் கொஞ்சம் பஞ்சை எடுத்து விரலிடையில் உருட்டிப் பார்ப்பது மேல். நறநறவென்று தூளும் காம்பும் தட்டுப்பட்டால் சலிப்பு சரியில்லை.

ஏன் இந்த இலையே, வேறு இலை எரியாதா என்று கேட்கத் தோன்றும். எரியும், ஆனால் இதைப்போல எரியாது. இந்தப் பஞ்சு சுடர் விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும். கையால் அழுத்தினால் பசை இல்லாமலே கூம்பாக நிற்கும். அப்புறம், பழசாக ஆக நல்லது. புதுப் பஞ்சில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் நிறைய இருப்பதால் சூடு படபடவென்று ஏறும், புகையும் கண்ணை எரிக்கும். சில வருடம் வைத்திருந்தால் எண்ணெய் குறைந்து, மெதுவாக, சீராகக் கனலும். ஏழு வருட நோய்க்கு மூன்று வருடம் பழகிய ஆய் தேடுவது போல என்று சீனத் தத்துவஞானி மென்சியஸ் ஓரிடத்தில் சொல்கிறார். அவர் காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டு. அன்றைக்கே பழைய இலைக்குத்தான் மதிப்பு என்பது சாதாரண ஆட்களுக்கும் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அரசியல் பேச்சில் அதை உதாரணமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

எவ்வளவு பழைய வைத்தியம் என்பதற்கு இன்னொரு சான்று. ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-ல் தோண்டினார்கள். பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. உடம்பில் உயிராற்றலும் ரத்தமும் ஓடுவதாகச் சீன மரபு சொல்லும் 11 தடங்களையும், எந்தத் தடத்தில் கோளாறு வந்தால் எங்கே சூடு வைப்பது என்பதையும் அவற்றில் விவரித்திருக்கிறார்கள். இன்றைய அக்குபங்சர் பாடத்தில் முக்கியத் தடங்கள் 12, இங்கே ஒன்று குறைவு. அதைவிட முக்கியம், அந்தத் தடங்களுக்கு ஊசி போடுவதைப் பற்றி அந்தச் சுவடிகளில் பேச்சே இல்லை, நெருப்பு மட்டும்தான். ஊசியின் துணைச் சரக்காக மோக்ஸாவைப் பார்க்கிறோமே, எழுத்தில் நமக்குக் கிடைக்கும் சான்றை வைத்துப் பார்த்தால் அது தலைகீழ் என்றுகூடச் சொல்லலாம்.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் குவாங்சோ பக்கம் வாழ்ந்த பாவ் கூ என்ற பெண்ணை இந்த வைத்தியத்தின் பெரிய கைராசிக்காரராகச் சொல்கிறார்கள், மரு போன்ற தோல் கோளாறுகளுக்கு மோக்ஸா வைப்பதில் பேர் பெற்றவர். அவர் கணவர் கெ ஹொங் அவசர வைத்தியத்துக்கு ஒரு கைநூல் எழுதினார். ஊசி போடத் தேர்ந்த ஆள் வேண்டும், நெருப்பு வைக்க ஓரளவு பழகிய ஆள் போதும் என்பதால் அந்த நூலில் நிறைய மோக்ஸா குறிப்புகள். அதே நூலில்தான் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ச்சிங்ஹாவ் என்ற செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் வரி இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் சீன விஞ்ஞானி தூ யூயூ 1970-களில் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டெடுத்தார், 2015-ல் நோபல் பரிசும் வந்தது. ச்சிங்ஹாவும் ஆர்ட்டிமீசியா இனம் என்றாலும் மோக்ஸா இலை வேறு வகை. இதை எரித்தால் மலேரியா போகும் என்று யாராவது இரண்டையும் முடிச்சுப் போட்டால் நம்ப வேண்டாம்.

சரி, எப்படிச் செய்கிறார்கள்?

இன்று அதிகம் நடப்பது சுருட்டு முறை. பஞ்சைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றிய, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளமுள்ள, கட்டைவிரல் பருமனான குச்சி. முழங்காலுக்குக் கீழே சூசான்லி என்று ஒரு புள்ளி, வயிற்றுக் கோளாறுக்கும் உடல் சோர்வுக்கும் மிக அதிகமாகப் பயன்படுவது. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், அங்கிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் கீழே, கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அளவெல்லாம் நோயாளியின் விரலில்தான், வைத்தியரின் விரலில் இல்லை, ஆளுக்கு ஆள் உடம்பு மாறுகிறதல்லவா. குச்சியின் ஒரு முனையை நன்றாகச் சிவக்கும்வரை பற்றவைத்து, அந்தப் புள்ளிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிப்பார்கள். நல்ல வைத்தியர் மற்ற கையின் இரண்டு விரல்களைப் புள்ளியின் இரு பக்கமும் உங்கள் தோலில் வைத்திருப்பார். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று தன் விரலிலேயே அவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. குழந்தைகளுக்கும் உணர்ச்சி மந்தமானவர்களுக்கும் இது கட்டாயம். கொஞ்ச நேரத்தில் முனையில் சாம்பல் சேரும், சாம்பல் சேர்ந்தால் சூடு மங்கும், மங்குகிறதே என்று இன்னும் கிட்டே கொண்டுபோனால் அதே சாம்பல் கங்கோடு உதிர்ந்து தோலில் விழும். அதனால் அடிக்கடி ஒரு கிண்ணத்தில் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் இளஞ்சிவப்பாகும், சூடு மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்குவது போல இருக்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் போகக்கூடாது.

குச்சியை ஒரே இடத்தில் நிறுத்தலாம், வட்டமாகச் சுற்றலாம், சிட்டுக்குருவி கொத்துவது என்று அவர்களே பெயர் வைத்திருப்பது போல மேலும் கீழுமாகக் கொண்டுபோகலாம். கையால் பிடிக்க நேரமில்லாத இடங்களில் மரப்பெட்டிக்குள் குச்சித் துண்டை வைத்து வயிற்றிலோ முதுகிலோ வைத்துவிடுகிறார்கள். குத்திய ஊசியின் பிடியில் ஒரு துண்டைச் செருகிப் பற்றவைப்பதும் உண்டு. சாம்பல் விழுந்தால் தோலில் படாமலிருக்கக் கீழே ஓர் அட்டையை வைத்திருப்பார்கள். அந்த அட்டை இல்லாமல் யாராவது ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது இஞ்சி முறை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இஞ்சியை வட்டமாக நறுக்கி, ஊசியால் நாலைந்து துளை போட்டு, தோலில் வைத்து, அதன் மேல் பஞ்சுக் கூம்பை வைத்து எரிப்பார்கள். சூடு தாங்காவிட்டால் இஞ்சியைத் தூக்கி ஒரு நொடி விட்டு மறுபடி வைப்பார்கள். குளிர்ச்சியால் வரும் வயிற்றுவலி, பேதி, வாந்திக்கு இதைச் சொல்வார்கள். பூண்டு வைத்தும் செய்வதுண்டு, தொப்புளில் பொடி உப்பை நிரப்பியும் செய்வதுண்டு. உப்பு வெடித்துத் தெறிக்கும் என்பதால் அதன் மேல் ஓர் இஞ்சித் துண்டை மூடித்தான் கூம்பை வைப்பார்கள்.

கடைசியாக, இடையில் எதுவும் வைக்காமல் தோலின் மேலேயே வைப்பது. கோதுமை மணி அளவு, ஜப்பானில் அரை அரிசி அளவுகூட, துளியூண்டு கூம்பு. ஊதுவத்தி முனையால் பற்றவைத்து, சுடுகிறது என்று நீங்கள் சொன்ன உடனே இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். அடுத்த கூம்பு, அதற்கடுத்தது என்று மூன்று, ஐந்து, ஏழு என்று எண்ணி வைப்பார்கள். பழைய காலத்தில் எடுக்காமலே முழுக்க எரியவிட்டு, கொப்புளமாக்கி, சீழ் வைத்தால்தான் நோய் போகும் என்று செய்தார்கள். தழும்பு நிரந்தரம். இன்றும் சில இடங்களில் நோயாளியின் சம்மதத்தோடு செய்கிறார்கள், ஆனால் ஒரு தீக்காயத்தை வேண்டுமென்றே உண்டாக்குவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை, முதல் தடவை போகிற யாரும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சூசான்லி புள்ளியைப் பற்றி ஒரு செய்தி. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-ல் வடக்கே நெடும்பயணம் கிளம்புமுன் செய்த ஏற்பாடுகளில், கிழிந்த கால்சட்டையைத் தைத்ததோடு கால்களுக்கு இந்தப் புள்ளியில் மோக்ஸா வைத்துக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். நடைக்குக் கால் தயாராவதற்கு. அந்தக் கால ஜப்பானில் இது அவ்வளவு சாதாரணம். இன்றும் அங்கே மோக்ஸா வைத்தியருக்கு ஊசி வைத்தியரிலிருந்து தனியாக அரசு உரிமம் உண்டு.

இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சீன மரபு சொல்லும் விளக்கம் இப்படிப் போகும். உடம்பில் சீ என்ற உயிராற்றலும் ரத்தமும் தடங்கள் வழியாக ஓடுகின்றன, குளிர்ச்சியும் ஈரமும் ஏறினால் ஓட்டம் தேங்குகிறது, தேங்கினால் வலி, சூடு கொடுத்தால் ஓட்டம் திறக்கிறது. அதனால்தான் குளிர்ந்தால் கூடும் மூட்டுவலி, மாதவிடாய் வயிற்றுவலி, நாள்பட்ட பேதி, சோர்வு இவற்றுக்கு மோக்ஸா. காய்ச்சல், வீங்கிச் சிவந்து கொதிக்கும் மூட்டு, இவற்றுக்கு அவர்களே வேண்டாம் என்பார்கள். ஊசி போகாத இடத்துக்கு மோக்ஸா என்று பழைய நூலிலேயே ஒரு வரி உண்டு. இந்தத் தடங்களை உடம்பை அறுத்துப் பார்த்து யாரும் காட்டியதில்லை. அவற்றை நோயைப் பிரித்து அறிய அவர்கள் வைத்திருக்கும் ஒரு வரைபடமாக எடுத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

இன்றைய உடலியல் சொல்வது இன்னும் எளிது. சூடு பட்ட இடத்தில் ரத்த நாளங்கள் விரியும், ரத்தம் கூடுதலாக ஓடும், இறுகிய தசை தளரும், வலி உணர்வு கொஞ்ச நேரம் மட்டுப்படும். இதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் எல்லாம் அடுத்த படியில்தான். அந்தப் புள்ளியிலேயே வைத்ததால் கிடைத்தது எவ்வளவு, அந்த இலையால் கிடைத்தது எவ்வளவு, வெறும் சூட்டால் எவ்வளவு, பதினைந்து நிமிடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையோடு பார்த்துக்கொண்டதால் எவ்வளவு? பிரித்துச் சொல்வது கஷ்டம். மாத்திரை என்றால் மாவு மாத்திரையை ஒரு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிடலாம், சூடும் புகையும் உள்ள வைத்தியத்துக்குப் போலியாக எதைக் கொடுப்பது? இதனாலேயே மோக்ஸா பற்றிய ஆய்வுகளில் நிறைய சிறியவை, தரம் குறைந்தவை என்று தொகுத்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் கனமான ஆதாரம் இருப்பது நாம் எதிர்பார்க்காத ஓரிடத்தில். வயிற்றில் குழந்தை தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாக இருப்பது. கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலையில் ஜியின் என்ற புள்ளி, அங்கே சுருட்டு மோக்ஸா காட்டினால் குழந்தை அசைந்து தலை கீழே திரும்பும் என்பது சீன மரபு. 1998-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சீனாவில் தலைச்சன் கர்ப்பிணிகள் 260 பேரை இரண்டாகப் பிரித்து, 33-வது வாரத்தில் 130 பேருக்கு மட்டும் ஒரு வாரம், திரும்பாவிட்டால் இன்னொரு வாரம் மோக்ஸா கொடுத்தார்கள். 35-வது வாரத்தில் மோக்ஸா குழுவில் 75.4 சதவீதக் குழந்தைகள் தலை கீழே வந்திருந்தன, மற்றக் குழுவில் 47.7 சதவீதம். அசத்தலான வித்தியாசம். அதே ஆய்வாளர் பிறகு இத்தாலியில் செய்து பார்த்தபோது ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது, பலனும் தெரியவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து 2023-ல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, வழக்கமான மகப்பேறு கவனிப்போடு சேர்த்துச் செய்தால் பிறக்கும்போது தலை கீழே இல்லாத நிலை ஓரளவு குறைய வாய்ப்பிருக்கிறது என்கிறது, சிசேரியன் குறைகிறதா என்பதை உறுதியாகச் சொல்லவில்லை. ஆசைப்பட்டால் முதலில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். வெளியிலிருந்து வயிற்றைப் பிடித்துக் குழந்தையைத் திருப்பும் முறை மருத்துவமனையிலேயே இருக்கிறது, உங்களுக்கு எது சரி என்று அவர்தான் ஸ்கேனைப் பார்த்துச் சொல்லமுடியும். மோக்ஸா கடையில் இருப்பவர் சொல்லமுடியாது.

மற்றபடி முழங்கால் வலி, முதுகுவலி, மாதவிடாய் வலி இவற்றுக்கு இதமாக இருக்கிறது என்று செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புற்றுநோய் போகும், சர்க்கரை குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் என்றதும் சொல்லவேண்டியது, இதை ரொம்ப அழுத்தமாகச் சொல்கிறேன். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுகிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், தோல் வெந்துகொண்டிருக்கும். 60 டிகிரி சூடு ஐந்து வினாடி பட்டாலே ஆழமான தீக்காயம் வரும், சர்க்கரைக் காலில் வந்த புண் எங்கே போய் முடியும் என்பது நம்மில் பல குடும்பங்களுக்குத் தெரியும். அவர்கள் காலில் மோக்ஸா வேண்டவே வேண்டாம். பக்கவாதத்தில் உணர்ச்சி போன பக்கத்துக்கும் அப்படியே. முகம், கண் பக்கம், பெரிய ரத்தக் குழாய் மேலே ஓடும் இடங்கள், கர்ப்பிணியின் வயிறும் இடுப்பும் விலக்கவேண்டியவை. காய்ச்சலோடும் குடித்துவிட்டும் போகக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புகை ஆகாது. இந்தச் செடி சாமந்திக் குடும்பம், அந்த வகை மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் தும்மலும் வரலாம்.

மூலிகைப் புகைதானே, நல்லதுதானே என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. எந்த இலை எரிந்தாலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரும். நீங்கள் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு வருவீர்கள், வைத்தியர் நாள் முழுக்க அதே அறையில். ஜன்னல் திறந்திருக்கிறதா, புகையை இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். கரியாக்கிய புகையில்லாக் குச்சிகளும் விற்கிறார்கள், புகை மிகவும் குறைவு, ஆனால் சூடு கடுமையாக இருக்கும், அதனால் தூரம் கூடுதலாகப் பிடிக்கவேண்டும்.

வீட்டில் செய்யலாமா என்றால், முதலில் தெரிந்த ஒருவரிடம் புள்ளியையும் தூரத்தையும் நேரில் கற்றுக்கொண்டு சுருட்டு முறையை மட்டும் செய்யலாம், உங்கள் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில். படுக்கையில் வேண்டாம், தூக்கம் வரும் நேரத்தில் வேண்டாம், சூடு இதமாக இருப்பதால் தூக்கம் நிச்சயம் வரும். முடித்ததும் குச்சியைத் தண்ணீரில் முக்கிவிட்டு அணைந்தது என்று நினைக்காதீர்கள், உள்ளே கனல் இருந்துகொண்டே இருக்கும். மணல் நிறைந்த ஜாடியில் முனையைப் புதைத்து வையுங்கள், அல்லது மூடி உள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டுக் காற்றை அடையுங்கள், அரைமணி கழித்துத் தொட்டுப் பாருங்கள்.

தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசையும் பேனா மையும் வேண்டாம். கொப்புளம் எழும்பினால் உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள், சீழ் பிடித்தாலோ சிவப்பு பரவினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த இடத்தில் தோல் முழுக்க ஆறும்வரை மறுபடி மோக்ஸா வைக்க வேண்டாம்.